பெயரின் மேல் மஞ்சள்

நகரியில் தறி வைத்திருக்கும் ஆதிநாராயணனின் மகள் பெயரில் இரண்டு காப்புரிமைகள் இருக்கின்றன என்று சொன்னால், ஊரில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர், "அப்படின்னா இன்னாப்பா?" என்று கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒன்று, செக் படிக்கும் மிஷினுக்குள் கிடக்கும் ஒரு எலக்ட்ரானிக் சில்லு ஷாக் அடித்துச் சாகாமல் காப்பாற்றும் சர்க்யூட். இன்னொன்று, மஞ்சள் வைத்த செக்கைப் பார்த்து அந்த மிஷின் மிரளாமல் இருக்க ஒரு வழி. இரண்டையும் தட்டில் வைத்துச் சம்பந்தி வீட்டாருக்குக் காட்ட முடியாது.

மகளின் முழுப்பெயர் அலர்மேல்மங்கை. கூப்பிடுவது மங்கை. திருப்பதியில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்த கையோடு, அங்கேயே கொர்லகுண்டாவில் விஜயராகவன் நடத்தும் சின்னக் கம்பெனியில் சேர்ந்தவள், இப்போது நாற்பதைத் தாண்டியும் அங்கேயே இருக்கிறாள். வங்கிகளுக்குச் செக் மிஷின் விற்பதும், பழுதானால் போய்ப் பார்ப்பதும்தான் கம்பெனியின் பிழைப்பு. இப்போதெல்லாம் செக்கை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைவதில்லை. அதைப் படம் பிடித்து, படத்தைத்தான் அனுப்புகிறார்கள். படம் பிடிப்பது இந்த மிஷின். மங்கை தோளில் ஸ்க்ரூடிரைவர் பையை மாட்டிக்கொண்டு ஒரு நாள் சித்தூர், ஒரு நாள் புத்தூர், ஒரு நாள் சத்தியவேடு என்று பஸ்ஸில் போய்வருவாள். ஜன்னலோர சீட்டு கிடைக்காவிட்டால் முகம் சுண்டிப்போகும். மற்றபடி யாரிடமும் அதிகம் பேச்சு வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

முதல் காப்புரிமையின் கதை சின்னது. சித்தூர்ப் பக்கத்துச் சித்திரை வெயில் எப்படி என்று பட்டவர்களுக்குத் தெரியும். வெளியே அனல், வங்கிக்குள் ஏசி, காற்றில் பொட்டு ஈரம் இருக்காது. அந்தச் சமயம் பார்த்து மிஷின்கள் ஒவ்வொன்றாகப் படுத்துவிடும். செக்குகள் ரப்பர் உருளைகளுக்கு நடுவே உரசிக்கொண்டு ஓடும்போது அவற்றில் மின்சாரம் ஏறும். ஏறியது ஒரு பொறியாகப் படம் பிடிக்கும் சில்லுக்குள் தாவும். சில்லு அத்தோடு காலி. புதுச் சில்லு வந்து சேரும்வரை வங்கி மேனேஜர்கள் மங்கையைப் போனில் பிடித்து வறுத்தெடுப்பார்கள்.

அவளுக்கு அந்தப் பொறி புதிதில்லை. பாலியெஸ்டர் நூல் ஓடும் தறிக்கூடத்தில் கை வைத்தால் சுரீர் என்று இழுக்கும். அதற்காக ஓடுகிற நூலை உரசும்படி மெல்லிய செம்பு இழைகளைத் தொங்கவிட்டு, அவற்றின் நுனியைப் பூமியில் இறக்கிவிடுவார்கள். மங்கை அந்த இழையை மிஷினுக்குள் கொண்டுவந்தாள். வெறும் இழை போதவில்லை. அதனால், இழையில் மின்சாரம் ஏறிய மாத்திரத்தில் சில்லின் வாசலை ஒரு கணம் சாத்தி, வருகிற அதிர்ச்சியை வேறு பக்கமாகப் பூமிக்குத் திருப்பிவிடும் சர்க்யூட் ஒன்றைக் கூடவே போட்டாள். அதுதான் புதிது என்று காப்புரிமை அலுவலகம் ஒப்புக்கொண்டது. அந்த வருஷம் சித்திரையில் மேனேஜர்கள் யாரும் போன் செய்யவில்லை. விஜயராகவனே பதறிப்போய், மிஷினெல்லாம் ஓடுகிறதா, இல்லை நம்மையே மறந்துவிட்டார்களா என்று கேட்டுவரச் சொன்னார்.

ஆதிநாராயணன் சான்றிதழின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போய்க் கண்ணாடி போட்டுத் தறிக்கூடத்துச் சுவரில் மாட்டினார். மாட்டியதோடு விட்டாரா, கண்ணாடியின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். எதற்கும் மஞ்சளோ குங்குமமோ வைக்காவிட்டால் அவருக்குக் கை நிற்காது. புதுத் தறி, புது மோட்டார், கரண்ட் மீட்டர், பேரன் வாங்கிய மொபைல் பெட்டி வரைக்கும் வைத்திருக்கிறார். அந்த ஊரில் அவர் ஒருத்தர்தான் அப்படி என்றும் சொல்ல முடியாது.

அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் செக்கை மட்டும் விடுவார்களா?

கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ், தாலி வாங்க நகைக்கடைக்கு, நிலம் வாங்கினால் முதல் தவணை, இப்படி நல்ல காரியத்துக்குக் கொடுக்கும் செக் என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டுத்தான் கொடுப்பார்கள். பத்திரிகைக்கு வைக்கிற மாதிரிதான். வாங்குகிறவரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குவார். பழைய மிஷின்கள் இருந்தவரை இதனால் தொந்தரவில்லை. பிறகு புற ஊதா விளக்கு வைத்த மிஷின்கள் வந்தன. செக்கில் எழுதியதை யாராவது மருந்து வைத்து அழித்துவிட்டு வேறு பெயர், வேறு தொகை எழுதியிருந்தால், மருந்து பட்ட இடம் அந்த விளக்கில் மினுங்கும். மிஷின் உடனே செக்கை ஒதுக்கிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மஞ்சளும் அந்த விளக்கில் மினுங்கும். சும்மா இல்லை, விளக்கேற்றி வைத்த மாதிரி பளீரென்று மினுங்கும். மிஷினுக்கு மஞ்சளையும் தெரியாது, மண்டபத்தையும் தெரியாது. நாலு மூலையும் மினுங்குகிற செக்கைக் கண்டால் நாலு இடத்தில் திருட்டு என்று தூக்கி ஒதுக்கியது. முகூர்த்த மாதங்களில் ஒதுக்கிய செக்குகள் கட்டுக் கட்டாகச் சேர்ந்தன.

மங்கை ஒருநாள் சித்தூரில் ஒரு கிளையில் மிஷினைத் திறந்து போட்டு உட்கார்ந்திருந்தபோது, பாலசமுத்திரத்திலிருந்து ஒரு மாந்தோப்புக்காரர் வந்தார். மண்டபத்துக்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டது. மண்டபத்துக்காரன் தேதியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டான். அதிகாரி, செக்கில் திருத்தம் இருப்பதாகச் சந்தேகம் என்று ஏதோ சொல்லப் போக, மனிதருக்கு வந்ததே கோபம்.

"பொண்ணு கல்யாணத்துக்குக் குடுக்குற செக்குல மஞ்ச வெக்காம, கரியையா வெப்பாங்க? என்னைத் திருடன்ற நீ. அந்த மிஷின முதல்ல தூக்கி வெளிய போடு."

அவர் கத்திய கத்தலில் கேஷ் கவுண்டரே நின்றுபோனது. மங்கை மிஷினுக்குப் பின்னால் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். மிஷினை விற்றது அவள் கம்பெனி. அவள் அவமானத்தில் கூசிப்போனாள்.

திருப்பதிக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே அப்பாவுக்குப் போன் போட்டாள். "நைனா, செக்குக்கு மஞ்ச வெச்சா எங்க வெப்ப?"

"எங்க வெப்பேன், நாலு மூலையிலதான்."

"நடுவுல வெக்க மாட்டியா?"

"எழுத்து மேல எவனாவது வெப்பானா? மூலையிலதாம்மா வெக்கணும். இன்னாத்துக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

அந்தச் சும்மாவுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. மருந்து பட்ட இடம் நீலம் கலந்த வெள்ளையாக மினுங்குகிறது, மஞ்சளோ பச்சை கலந்த மஞ்சளாக மினுங்குகிறது. படம் பிடிக்கும் சில்லுக்கு முன்னால் இரண்டு நிறக் கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைத்துப் படம் எடுத்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். இதுவரை வேலை சுலபமாகத்தான் போனது. விஜயராகவன் மகிழ்ந்துபோய், மஞ்சள் என்று தெரிந்தால் விட்டுவிடு, கதை முடிந்தது என்றார்.

மங்கை முடிக்கவில்லை. தன்னுடைய செக் ஒன்றை எடுத்தாள். பெயரை மருந்தால் அழித்து, வேறு பெயர் எழுதி, மேலே மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். மிஷினில் விட்டாள். மிஷின் மஞ்சளைப் பார்த்து, நல்ல காரியம் போலிருக்கிறது என்று சந்தோஷமாக விட்டுவிட்டது. கீழே இருந்த மருந்து தெரியவே இல்லை. கண்ணால் பார்த்தாலும் தெரியவில்லை. அதை எடுத்துப்போய் விஜயராகவன் மேஜையில் வைத்தாள்.

"இப்படி எவன்மா செய்யப் போறான்?" என்றார் அவர்.

"நானே செஞ்சிட்டேன், சார். கெடுக்கணும்னு நெனைக்கிறவன் செய்ய மாட்டானா?"

அதனால் ஒரு விதி சேர்த்தாள். நாலு மூலையில் விரல் அகலத்துக்கு மஞ்சள் இருந்தால் விடு. பெயரின் மேலோ தொகையின் மேலோ கையெழுத்தின் மேலோ இருந்தால், மஞ்சளே ஆனாலும் விடாதே. விஜயராகவனுக்கு அது பிடிக்கவில்லை. ஜனங்கள் கை தவறி எங்கேயாவது ஈஷிவிடுவார்கள், நல்ல செக்கெல்லாம் திரும்பும், வங்கிக்காரன் நம்மை வெளியே தள்ளுவான் என்று ஒரு வாரம் வாதாடிப் பார்த்தார். மங்கை அப்பா சொன்னதையே திருப்பிச் சொன்னாள். எழுத்து மேல் யாரும் வைக்க மாட்டார்கள். கடைசியில் அவர் கையை விரித்துவிட்டு, உன் இஷ்டம் என்றார்.

விண்ணப்பம் போட்டார்கள். மஞ்சள் என்ற சொல்லைக் கண்டதும் காப்புரிமை அலுவலகம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. இது பாரம்பரிய அறிவா, இந்த நாட்டு மூலிகையைப் பயன்படுத்துகிறீர்களா, அதற்கு அனுமதி இருக்கிறதா என்று கேள்வி மேல் கேள்வி. விஜயராகவன் தலையில் அடித்துக்கொண்டார். "மஞ்சளை நாமளா அரைச்சோம்? அவனவன் வீட்ல அரைச்சுப் பூசிக் குடுக்குறான், நாம பாக்குறோம், அவ்ளோதானே." அவர் சொன்னதையே வக்கீல் மரியாதையான இங்கிலீஷில் எழுதி அனுப்பினார். சில மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது.

சான்றிதழ் வந்து என்ன. ஓடாத தறியைத் துடைத்து வைத்துக்கொண்டு யாருக்கு என்ன லாபம்? மங்கைக்குப் பெயரும் வேண்டாம், புகழும் வேண்டாம். தான் செய்தது ஓட வேண்டும். அந்த மாந்தோப்புக்காரர் மாதிரி ஒருத்தர் இன்னொரு தடவை கவுண்டரில் நின்று கத்தக் கூடாது. இதை மட்டும்தான் அவள் ஆசைப்பட்டாள், ஆசைப்பட்டதை வெட்கமில்லாமல் விஜயராகவனிடம் சொல்லவும் செய்தாள்.

அவர் அலையாய் அலைந்து, சித்தூர், திருப்பதி இரண்டு மாவட்டத்திலும் கிளைகள் வைத்திருக்கும் ஒரு வங்கியைச் சம்மதிக்க வைத்தார். கிளைகளில் போடும் செக்குகளெல்லாம் திருப்பதியில் அந்த வங்கியின் ஒரே இடத்துக்கு வந்து சேரும். அங்கே ஒரு மிஷினில் மூன்று மாதம் ஓட்டிப் பார்ப்பது என்று பேச்சு. கெட்ட செக்கை விடவும் கூடாது, நல்ல செக்கைத் திருப்பவும் கூடாது. இரண்டில் எது நடந்தாலும் ரிப்போர்ட்டில் ஏறும். ஏறினால் மேலே இருப்பவர்கள் மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள். சுத்தமாக முடிந்தால் எல்லாக் கிளைக்கும் ஆர்டர்.

அந்த இடத்துக்குப் பொறுப்பு ஹேமநாத் என்ற அதிகாரி. மதனபள்ளிக்காரர், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார், நல்ல மனிதர். மஞ்சள் பூசிய திருட்டுச் செக்கை மங்கை அவரிடமும் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. "அம்மோ" என்று மட்டும் சொன்னார்.

தை மாதம் பிறந்தது. மஞ்சள் செக்குகள் வந்து குவிந்தன. மிஷின் ஒவ்வொன்றின் மூலையையும் பார்த்து, சரி போ, சரி போ என்று விட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் இரண்டு மூன்று உண்மையான திருட்டுகளும் அகப்பட்டன. எழுத்தின் மேல் மஞ்சள் வைத்த செக் ஒன்றுகூட வரவில்லை. அப்பா சொன்னது சரிதான் என்று மங்கை நாளுக்கு நாள் நிம்மதியானாள். மூன்றாம் மாதத்தின் கடைசி வாரம் வந்துவிட்டது. விஜயராகவன் ஆர்டர் வந்த மாதிரியே நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த வாரம் நகரியில் ஒரு காரியம் நடந்தது. சாலையை அகலப்படுத்துவதற்காக ஆதிநாராயணனின் தறிக்கூடத்துக்கு முன்னால் இருந்த இடத்தை எடுத்துக்கொண்டு பணம் கொடுத்திருந்தார்கள். அவர் அதை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கு மகன் கேசவனுக்கு, ஒரு பங்கு மகளுக்கு என்றார். அவர் வீட்டில் பெண்ணுக்குச் சொத்தில் பங்கு போனதே கிடையாது. கட்டிக்கொடுத்தால் சீர், அத்தோடு சரி. கேசவன் தங்கமான பிள்ளை, ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. செக்கில் அக்காவின் பெயரை அவனே எழுதினான். அப்பா கையெழுத்துப் போட்டார்.

மங்கைக்குச் சொல்லவில்லை. "பணம் வந்துச்சுன்னு போன்ல மெசேஜ் வரும்ல, அப்பத் தெரியட்டும்" என்றார் ஆதிநாராயணன். வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து மஞ்சளைக் குழைத்தார். நாலு மூலையிலும் வைத்தார். விரலில் இன்னும் மஞ்சள் மிச்சம் இருந்தது. செக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மணையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பொட்டு வைக்கிற மாதிரி, மகளின் பெயர் மேல் அழுத்தி ஒரு பொட்டு வைத்தார். பிறகு நகரிக் கிளையில் கொண்டுபோய், மகள் கணக்கில் சேர்க்கச் சலான் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். இதெல்லாம் கேசவன் பிற்பாடு சொல்லித்தான் மங்கைக்குத் தெரியும்.

திங்கட்கிழமை மத்தியானம், நகரிப் பையிலிருந்த செக்குகள் ஓடிக்கொண்டிருந்தபோது மிஷின் நின்றது. ஒரு செக்கைப் பக்கத்துத் தட்டில் தள்ளியது. திரையில் படம் வந்தது. நாலு மூலையிலும் சின்னச் சின்ன மினுக்கம், நடுவில் பெயர் மேல் பெரிதாக ஒன்று. ஹேமநாத் குனிந்து பெயரைப் படித்தார்.

"மேடம், இதி மீ பேரே கதா? உங்க பேருதானே?"

மங்கை பார்த்தாள். கையெழுத்தையும் பார்த்தாள். தமிழில், ஆதி என்பதைப் பெரிதாகவும் மிச்சத்தை நூல் பிடித்த மாதிரி நெருக்கியும் எழுதும் கையெழுத்து. தொகை, சாலைக்கு எடுத்த இடத்துக்கு வந்த பணத்தில் சரிபாதி; எதற்கான செக் என்று புரிந்துவிட்டது. தனக்கும் பங்கு வைத்திருக்கிறார் என்ற சந்தோஷம் ஒரு பக்கம். பாவி மனுஷா, போயும் போயும் அங்கேயா வைத்தாய் என்ற ஆத்திரம் ஒரு பக்கம்.

"உங்க நைனாவா?" என்றார் ஹேமநாத்.

"ஆமா சார்."

"அப்புறம் என்ன? நான் கண்ணால பாத்து ஓகே பண்ணிட்டா போய்டும். அந்த அதிகாரம் எனக்கு உண்டு. ரிப்போர்ட்லயும் ஏறாது. திருப்பினா நல்ல செக்கத் திருப்பின மாதிரி ஆய்டும், மேடம். இன்னும் நாலு நாள்தான்."

அவர் விரல் கீபோர்டின் மேலேயே இருந்தது. மங்கை வெளியே வந்து விஜயராகவனுக்குப் போன் செய்தாள். அவர் முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "நல்ல செக்தானே, உன் அப்பாதானே, விடச் சொல்லு. இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?" என்றார்.

யோசிக்க இருந்தது. கண்ணால் பார்த்து விடுகிறேன் என்கிறார் ஹேமநாத். பார்த்தால் தெரியாது என்று அவருக்குக் காட்டியவளே அவள்தான். அந்த மஞ்சளுக்குக் கீழே வேறு பெயர் இருந்து அழிக்கப்படவில்லை என்று எதை வைத்துச் சொல்வது? எனக்கு என் அப்பாவைத் தெரியும் என்பதை வைத்துத்தான். பாலசமுத்திரத்து ஆளுக்கு அப்படிச் சொல்ல அங்கே யார் இருந்தார்கள்? இதில் பணம் வந்து சேரப்போவதோ அவள் கணக்குக்கு. மிஷினைச் செய்தவளே தன் பெயருக்கு வந்த செக்கைக் கையால் தள்ளிவிட்டாள் என்றால், அந்த விதியை எழுதியதற்கு எழுதாமலே இருந்திருக்கலாம்.

திரும்பி உள்ளே போனாள். "திருப்பிடுங்க, சார்."

"ஆலோசிஞ்சண்டி, மேடம். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு."

ஹேமநாத் பெருமூச்சு விட்டு விரலை எடுத்தார்.

மறுநாள் நகரிக் கிளையிலிருந்து ஆதிநாராயணனை வரச் சொன்னார்கள். நூல் வியாபாரிகளும் தறிக்காரர்களும் நிறைந்திருக்கும் வேளை. செக்கில் திருத்தம் இருப்பதாகச் சந்தேகம், திரும்பிவிட்டது என்று கவுண்டரில் சொல்லி, கையில் கொடுத்தார்கள். நகரியில் ஒரு தறிக்காரரின் செக் திரும்பினால், அடுத்த நாள் நூல்கடையில் அவருக்கு நாற்காலி போட மாட்டார்கள். ஆயுசில் அவர் செக் ஒன்றுகூடத் திரும்பியதில்லை. கேசவன்தான் போனில் அக்காவிடம் இதைச் சொன்னான். "எல்லார் எதிர்லயும் திருப்பிக் குடுத்துட்டாங்கக்கா. நைனா வூட்டுக்கு வந்து சோறும் துன்னல."

சாயங்காலம் ஆதிநாராயணனே கூப்பிட்டார்.

"மங்கா, அந்த மிஷினு உன்துதானாமே?"

"ஆமா நைனா."

"செக்கு வந்தப்ப நீ அங்கதான் இருந்தியா?"

"இருந்தேன்."

"என் கையெழுத்துன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது நைனா. பேர் மேல மஞ்ச வெச்சா கீழ இன்னா இருக்குதுன்னு யாராலும் பாக்க முடியாது. யாருக்கா இருந்தாலும் விடக் கூடாதுன்னு நான்தான் வெச்சிருக்கேன். நீதானே சொன்ன, எழுத்து மேல யாரும் வெக்க மாட்டாங்கன்னு."

அந்தப் பக்கம் தறியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"சொன்னேன்" என்றார். "உன் பேராச்சேன்னு வெச்சிட்டேன்."

அவள் மன்னிப்புக் கேட்கலாமா என்று வாயெடுப்பதற்குள், "சரிம்மா, வெச்சிடறேன்" என்று போனை வைத்துவிட்டார். மங்கை அன்று கம்பெனியில் யாரோடும் பேசவில்லை. விஜயராகவன் பேசினார். நன்றாகவே பேசினார். மூன்று வருஷ உழைப்பையும் அவருடைய அலைச்சலையும் ஒரு பொட்டு மஞ்சளுக்காகத் தெருவில் கொட்டியவளை அவர் வேறு எப்படித்தான் பேசுவார்?

ரிப்போர்ட் போனது. நல்ல செக் ஒன்று திரும்பியது என்று அதில் ஒழுங்காக ஏறியிருந்தது. சித்தூரில் நடந்த கூட்டத்தில் மேலதிகாரி அந்த வரியில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டாராம். ஹேமநாத் எழுந்து, யாருடைய செக், யார் பெயருக்கு வந்தது, திருப்பச் சொன்னது யார் என்று விவரம் சொல்லியிருக்கிறார். செய்தவள் வீட்டுச் செக்கையே விடாத மிஷின், சார், என்று முடித்தாராம். மேலதிகாரி சிரித்துவிட்டாராம். அடுத்த வாரம் எல்லாக் கிளைக்கும் ஆர்டர் வந்தது. திட்டிய வாயாலேயே விஜயராகவன் ஆபீஸ் முழுக்க இனிப்புக் கொடுத்தார். மங்கை ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள், இனிப்பாகத்தான் இருந்தது. நினைத்தது நடந்ததில் அவளுக்குச் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் அது பொய். இருந்தது, ஆனால் நகரிக்குப் போய்விட்டு வந்தபிறகு படலாம் என்று அதைத் தள்ளி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போனாள். ஆதிநாராயணன் கோபமாக இருக்கவில்லை. கோபமாக இருந்திருந்தால் தேவலை. வாம்மா என்றார், பஸ்ஸில் கூட்டமா என்று கேட்டார், அவளுக்குப் பிடிக்கும் என்று கறி வாங்கிவரச் சொல்லியிருந்தார். மிஷினுக்கு ஆர்டர் வந்ததைச் சொன்னாள். "ரொம்ப சந்தோஷம்மா" என்றார். நிஜமாகவே சந்தோஷம்தான், முகத்தில் தெரிந்தது. சாப்பிட்டு முடித்ததும் உள்ளே போய் ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இந்தா. போன தடவ போனது போவட்டும். இத நீயே போட்டுக்கோ."

மங்கை பிரித்தாள். புதுச் செக். அதே தொகை, அவள் பெயர், அவர் கையெழுத்து. காகிதம் வெள்ளையாக இருந்தது. மூலைகளைப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். எங்கேயும் ஒன்றும் இல்லை.

"மஞ்ச வெக்கலியா, நைனா?"

"வேணாம்மா."

"மூலையில வெச்சா போவும், நைனா. மூலைக்காகத்தானே நான் இவ்ளோ பாடுபட்டேன். மூலையில வெக்கலாம்."

"இன்னாத்துக்கு வம்பு" என்றார் அவர், தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தியபடி. "உனக்கு வேலை ஆவணும்ல. ஒண்ணும் இல்லாம இருந்தா நிக்காம போய்டும்."

நூல்கடைக்காரருக்குக் கொடுக்கும் செக்கை அவர் அப்படித்தான் கொடுப்பார். மங்கை அதைக் கவரில் போட்டு ஸ்க்ரூடிரைவர் பைக்குள் வைத்துக்கொண்டாள். மஞ்சள் டப்பா எதிரே அலமாரியிலேயே இருந்தது. தானே எடுத்து வைத்துக்கொண்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. பிறந்த வீட்டில் பெண் தனக்குத் தானே வைத்துக்கொள்கிற பொருளா அது? அவள் எழுந்து புறப்பட்டாள்.

திங்கட்கிழமை காலையில் அந்தச் செக்கை மற்ற செக்குகளோடு சேர்த்து ஹேமநாத் மிஷினில் விட்டார். திரையில் காகிதம் முழுக்க இருட்டாக இருந்தது, எந்த மூலையிலும் ஒரு மினுக்கம் இல்லை. கண் மூடித் திறப்பதற்குள் அது அந்தப் பக்கம் போய்விழுந்தது. ஹேமநாத் திரும்பி, "போயிந்தி, மேடம். போய்டுச்சு" என்று சிரித்தார். மங்கைக்கு அழுகை வந்தது. ஒரு நொடி நின்றிருக்கக் கூடாதா என்றிருந்தது.